ஃபுளோரிடாவில் செப்டிக் டேங்க், நைட்ரஜன், நீர்நிலைச் சட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபுளோரிடா மாநிலத்தில் ஏறத்தாழ 26 லட்சம் செப்டிக் டேங்குகள் இருக்கின்றன. மக்களில் சுமார் 30 சதவீதம் பேரின் வீட்டுக் கழிவுநீர் அவற்றுக்குத்தான் போகிறது. 2016, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்கள் யாரைக் கட்டுப்படுத்துகின்றன, என்ன செய்யச் சொல்கின்றன, எங்கே சறுக்குகிறது என்பதைப் பற்றி வீடு வைத்திருப்பவர்களும் மனை வாங்கப்போகிறவர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை.

எங்கள் டேங்க் அடைப்பே இல்லாமல் நன்றாக ஓடுகிறது. அது எப்படி ஏரியையும் ஊற்றையும் கெடுக்கும்?

சட்டங்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகின்றன. செப்டிக் டேங்க் கண்டுபிடிக்கப்பட்டது நோய்க்கிருமியை அடக்கவும், கழிவு தரைக்கு மேலே வராமல் பார்த்துக்கொள்ளவும்தான். நைட்ரஜனை நீக்குவது அதன் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

கழிவிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி சிறுநீரிலிருந்து வருகிறது. டேங்குக்குள் காற்று இல்லாததால் அது அம்மோனியமாக நிற்கும். அங்கிருந்து டிரெய்ன்ஃபீல்டுக்கு, அதாவது துளைக்குழாய்கள் வழியாக நீரை மண்ணுக்குள் விடும் பகுதிக்கு, போகிறது. அங்கே காற்றுள்ள மணலில் வாழும் பாக்டீரியா அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் மணலில் ஒட்டாது. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், டிரெய்ன்ஃபீல்டு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு முழுமையாக அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும். ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 கிலோ நைட்ரஜனைக் கழிவில் சேர்க்கிறார். சாதாரண டிரெய்ன்ஃபீல்டு அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாலே நல்லது.

ஃபுளோரிடாவின் மண் இதை இன்னும் மோசமாக்குகிறது. மேலே கரிமப்பொருள் குறைந்த மணல், கீழே ஓட்டையும் பிளவுமான சுண்ணாம்புக்கல். நிலத்தடி நீர் சில இடங்களில் வாய்க்கால்போல ஓடி ஊற்றில் எழும்புகிறது.

பாஸ்பரஸ் கதை வேறு. அது மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியம், கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் நிரம்பிய பிறகே நகரும். ஆகவே செப்டிக் விதிகள் பெரும்பாலும் நைட்ரஜனையே குறிவைக்கின்றன.

கிணற்று நீரைச் சோதித்தோம், நைட்ரேட் குடிநீர் வரம்புக்குள்தான் இருக்கிறது. பிறகு என்ன?

குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன். கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரேட் கெடுக்கும் என்பதை மனத்தில் வைத்து அது எழுதப்பட்டது. ஃபுளோரிடாவின் ஊற்றுகளுக்கு வைத்திருக்கும் அளவுகோலோ 0.35 மில்லிகிராம். 2 மில்லிகிராம் உள்ள நீரை நீங்கள் தாராளமாகக் குடிக்கலாம். அதே நீர் ஊற்றில் எழுந்தால் இழைப்பாசி மண்டும். இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வதால்தான் பொதுக்கூட்டங்களில் பாதி வாக்குவாதம் நடக்கிறது.

எந்தெந்தச் சட்டங்கள்? வரிசையாகச் சொல்லுங்கள்.

முன்னோடி, 1999-இல் மன்ரோ கவுன்டிக்கு (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது), அதாவது கீஸ் தீவுகளுக்கு, வந்த சட்டம். வீட்டளவு அமைப்புகளுக்கு அங்கே 10-10-10-1 என்ற தரம்: உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்கப் பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன்) 10, மிதக்கும் திடப்பொருள் 10, மொத்த நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். கெடு முதலில் 2010, பிறகு 2015 டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டது.

2010-இல் மாநிலம் முழுவதும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை என்று ஒரு சட்டம் வந்தது. வீட்டுக்காரர்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 2012-இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். அடுத்து வந்தவை எல்லாம் மாநிலம் முழுவதையும் தொடாமல், பாதிக்கப்பட்ட நீர்நிலைகளின் வடிநிலத்தை மட்டும் தொடுவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

2016: ஊற்றுகள், நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம். சிறப்பு ஊற்றுகள் என்று 30 ஊற்றுகளை அது பாதுகாப்பில் கொண்டுவந்தது. அவற்றைச் சுற்றியுள்ள முன்னுரிமைப் பகுதியில், 1 ஏக்கருக்குக் குறைவான மனையில், அந்தப் பகுதிக்கான சீரமைப்புத் திட்டத்துக்கு முரணான புதிய செப்டிக் அமைப்பு கூடாது.

2020: தூய நீர்வழிச் சட்டம். பொறுப்பு சுகாதாரத் துறையிடமிருந்து 2021 ஜூலை 1 முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறைக்கு மாறியது. கழிவுநீரைச் சுகாதாரப் பிரச்சினையாக மட்டும் பார்த்த காலம் அத்தோடு முடிந்தது. ஒரு வடிநிலத்தின் ஊட்டச்சத்து மாசில் செப்டிக்கின் பங்கு 20 சதவீதத்தைத் தொட்டால், அங்குள்ள உள்ளாட்சி சீரமைப்புத் திட்டம் தயாரிக்க வேண்டும்.

2023: மசோதா எண் 1379. இன்று மனை வாங்குகிறவரை நேரடியாகத் தொடுவது இதுதான்.

2023 சட்டம் புதிய வீட்டுக்கு என்ன சொல்கிறது?

உங்கள் மனை வடிநில மேலாண்மைச் செயல்திட்டம் உள்ள பகுதிக்குள் இருந்தால் (அலுவலகங்களில் ‘பீமேப்’ என்பார்கள்) இரண்டு கேள்விகள். பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்குமா? கிடைக்கும் என்றால் புதிய செப்டிக் அமைப்புக்கு இடமே இல்லை. கிடைக்காது, மனையும் 1 ஏக்கர் அல்லது அதற்குக் குறைவு என்றால், நைட்ரஜனைக் குறைந்தது 65 சதவீதம் குறைக்கும் மேம்பட்ட அமைப்பு வேண்டும். 1 ஏக்கர் என்பது 43,560 சதுர அடி, நம் கணக்கில் 100 சென்ட். அதைத் தாண்டினால் இந்தச் சட்டத்தின்படி சாதாரண அமைப்பு போதும். ஆனால் கவுன்டி தனியாகக் கடுமையான விதி வைத்திருக்கக்கூடும்.

மனை விளம்பரத்தில் இதையெல்லாம் போட மாட்டார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, மனையின் பார்சல் எண்ணைச் சொல்லி, அது பீமேப்புக்குள் வருகிறதா, ஊற்றின் முன்னுரிமைப் பகுதியா, சாக்கடைக் குழாய் எங்கே போகிறது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டும் சுற்றுச்சூழல் துறையின் வரைபடத்தில் கிடைக்கும். மூன்றாவதைக் கழிவுநீர் நிறுவனம்தான் சொல்ல முடியும். அனுமதி தரும் வேலை கவுன்டி சுகாதார அலுவலகங்களிடமிருந்து சுற்றுச்சூழல் துறைக்குப் படிப்படியாக மாறி வந்திருக்கிறது, உங்கள் கவுன்டியில் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

‘இணைப்பு கிடைக்கும்’ என்றால் எவ்வளவு தூரத்தில்?

இதற்குச் சட்டத்திலேயே வரையறை இருக்கிறது. நாளொன்றுக்கு 1,000 கேலன் வரை கழிவுநீர் வரும் தனி வீடு என்றால், குழாய் உங்கள் மனையின் எல்லையைத் தொட்டுச் செல்லும் பொதுப்பாதையிலோ பொது உரிமையுள்ள இடத்திலோ இருக்க வேண்டும். வீட்டிலிருந்து அதற்குச் சரிவாலேயே நீர் ஓட வேண்டும், அல்லது அந்தப் பகுதிக்கு ஏற்கப்பட்ட குறைஅழுத்தக் குழாயோ வெற்றிடக் குழாயோ இருக்க வேண்டும். 1,000 கேலனுக்கு மேல் போகும் இடத்துக்கு எல்லையிலிருந்து 50 அடிக்குள் இருந்தாலே போதும். இரண்டு தெரு தள்ளிக் குழாய் போனால், அது உங்களுக்குக் கிடைக்கும் இணைப்பு ஆகாது.

இணைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. எவ்வளவு அவகாசம்?

டேங்க் நன்றாக இயங்கினால், இணைப்பு தயார் என்று எழுத்து அறிவிப்பு வந்த நாளிலிருந்து 365 நாள். டேங்க் பழுதாகிப் பழுதுபார்க்க வேண்டிய நிலை என்றால் 90 நாள்தான். இணைப்புக் கட்டணத்தை மாதத் தவணையில், அதிகபட்சம் ஐந்தாண்டுக்குப் பிரித்துக் கட்டச் சட்டம் இடம் தருகிறது. பலர் இதைக் கேட்காமலேயே மொத்தமாகக் கட்டிவிடுகிறார்கள். கட்டணத்தில் சேராத ஒரு செலவு உண்டு: வீட்டிலிருந்து எல்லை வரை உங்கள் மனைக்குள் பதிக்கும் குழாய். டேங்க் வீட்டின் பின்புறமும் சாக்கடை முன்புறமும் இருந்தால் வீட்டின் வடிகுழாயையே திசை திருப்ப வேண்டிவரும். விலைப்புள்ளி வாங்கும்போது அதைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தியன் ரிவர் லகூன் பகுதிக்கு மட்டும் ஏன் 2030 கெடு?

கிழக்குக் கரையோரம் 156 மைல் நீளும் காயல் அது. அலை புகும் வாய்கள் குறைவு, உள்ளே வந்த நைட்ரஜன் லேசில் வெளியேறாது. 2011-இல் வந்த பெரும் பாசிப் பெருக்கத்துக்குப் பிறகு கடற்புல் பரப்பு சரிந்தது. அதை மேய்ந்து வாழும் மானட்டீ என்ற கடற்பசுக்கள் பட்டினியில் விழுந்தன. 2021-இல் மாநிலம் முழுவதும் இறந்தவை 1,100 அளவுக்குப் போயின.

மற்ற இடங்களில் புதிய அமைப்புகளோடு நிற்கும் சட்டம் இங்கே பழையவற்றையும் பிடிக்கிறது. 2024 ஜனவரி 1 முதல், சாக்கடை கிடைக்கும் இடத்தில் புதிய செப்டிக் இல்லை. கிடைக்காத இடத்தில் மனை எவ்வளவு பெரியதானாலும் 65 சதவீத அமைப்புதான். ஏற்கெனவே செப்டிக் உள்ள வீடும் கடையும் 2030 ஜூலை 1-க்குள் சாக்கடையில் இணைய வேண்டும், அல்லது மேம்பட்ட அமைப்புக்கு மாற வேண்டும். உங்கள் தெருவுக்குக் குழாய் வரப்போகிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். மேம்பட்ட அமைப்புக்குப் பெருந்தொகை கொட்டிய பிறகு தெருவில் குழாய் பதித்தால் இரண்டு செலவு. பிரெவர்ட் கவுன்டியில் 2016-இல் வாக்காளர்கள் ஏற்ற அரை சென்ட் விற்பனை வரி இந்தக் காயலுக்காகவே செலவாகிறது. மானியம் உண்டா என்று அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

65 சதவீதம் எப்படிக் கிடைக்கும்? என்ன வகை அமைப்பு?

அடிப்படை வேதியியல் ஒன்றுதான். முதலில் காற்று கொடுத்து அம்மோனியத்தை நைட்ரேட்டாக்க வேண்டும். பிறகு காற்றே இல்லாத இடத்தில், தின்பதற்குக் கார்பன் கொடுத்து, பாக்டீரியாவை நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள வைக்க வேண்டும். மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும். வரிசை மாறினால் எதுவும் நடக்காது.

முதல் வழி, ஏரோபிக் யூனிட். தொட்டிக்குள் மின்சார ப்ளோயர் காற்று ஊதும். என்.எஸ்.எஃப். 245 என்ற அமெரிக்கத் தரச்சான்று பெற்ற யூனிட் நைட்ரஜனைக் குறைந்தது 50 சதவீதம் குறைக்க வேண்டும். மிச்சமுள்ள 50-இல் டிரெய்ன்ஃபீல்டு 30 சதவீதத்தை, அதாவது 15-ஐ, எடுத்துக்கொள்ளும் என்பது கணக்கு, ஆக 65. டிரெய்ன்ஃபீல்டின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் 24 அங்குல இடைவெளி இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

இரண்டாவது, டிரெய்ன்ஃபீல்டுக்குக் கீழே மரத்தூள் அடுக்கு. படுகையின் அடியிலிருந்து 18 அங்குலம் மணல். அங்கே நைட்ரேட் உருவாகும். அதற்குக் கீழே குறைந்தது 12 அங்குலக் கலவை, கன அளவில் 40 முதல் 60 சதவீதம் மரத்தூள் அல்லது மரச்சீவல், மீதி நுண்மணல். இந்த அடுக்கு டிரெய்ன்ஃபீல்டின் ஓரத்தைத் தாண்டி 24 அங்குலம் நீள வேண்டும், இல்லாவிட்டால் நீர் பக்கவாட்டில் நழுவிப் போய்விடும். ப்ளோயரும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். குறை என்னவென்றால் ஆழம்: 18, 12, அதற்குக் கீழே நீர்மட்டத்துக்கு 6, ஆக 36 அங்குலம். தாழ்வான மனையில் மண்மேடு கட்டி, பம்ப் வைத்து மேலே ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது ‘மோட்டார் வேண்டாம்’ என்ற ஆதாயமும் போய்விடும்.

மூன்றாவது, பொறியாளர் உங்கள் மனைக்கென்றே வடிவமைத்துக் கையொப்பமிடும் அமைப்பு. நெருக்கடியான மனைக்கும் பெரிய கட்டடத்துக்கும் அது பொருந்தும்.

மின்சாரமும் பராமரிப்பு ஒப்பந்தமும் இல்லாமல் முடியுமானால் மரத்தூள் அடுக்கையே நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வோம். நீர்மட்டம் இடம் கொடுக்குமா என்பதுதான் முடிவைச் சொல்லும்.

மண் சோதனையில் எதைக் கவனிக்க வேண்டும்?

நீர்மட்டம். மழையில்லாத உலர்காலத்தில் குழி தோண்டினால் தண்ணீர் 5 அடியில் இருக்கும், மழைக்காலத்தில் அதுவே 2 அடிக்கு ஏறும். அதனால் சோதிப்பவர் தண்ணீரைப் பார்க்க மாட்டார், மண்ணின் நிறத்தைப் பார்ப்பார்: நனைந்து உலர்ந்த மண்ணில் சாம்பல் திட்டும் துருநிறப் புள்ளியும் எங்கே தொடங்குகின்றனவோ அதுதான் பருவகால உச்சம். 1983-க்கு முன் போட்ட பல அமைப்புகளில் 24 அங்குல இடைவெளி இல்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீரிலேயே மூழ்கிக் கிடக்கும்.

அடுத்து, தூரம். தனியார் கிணற்றுக்கும் ஏரி, ஆறு போன்ற நீர்நிலைக்கும் 75 அடி. அது பக்கத்து வீட்டுக் கிணறாக இருந்தாலும் அப்படித்தான்; வரைபடத்தில் அதைக் குறிக்காமல் விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

அமைப்பின் அளவைப் படுக்கையறை எண்ணிக்கையும் வீட்டின் பரப்பும் சேர்ந்து தீர்மானிக்கும், எது அதிகமோ அது. மூன்று படுக்கையறை, 1,201 முதல் 2,250 சதுர அடி வரை என்றால் நாளுக்கு 300 கேலன். நான்கு அறை, 3,300 வரை என்றால் 400. ‘படிப்பறை’ என்று பெயர் மாற்றி அறையை மறைப்பது உதவாது, பரப்பு காட்டிக் கொடுத்துவிடும். கட்டுமான அனுமதி 18 மாதம் செல்லும், 90 நாள் ஒருமுறை நீட்டிக்கலாம். மண்ணை மூடுவதற்கு முன் ஆய்வாளர் பார்க்க வேண்டும். ஒப்பந்ததாரர் அவசரத்தில் மூடிவிட்டால் மறுபடி தோண்டச் சொல்வார்கள்.

ஏரோபிக் யூனிட்டில் எது அடிக்கடி கெட்டுப்போகும்?

ப்ளோயர்தான். அதன் காற்று வடிகட்டியில் தூசி அடைத்தால் சூடேறி டயஃப்ரம் கிழியும். சிலர் சத்தம் பொறுக்காமலோ மின்கட்டணத்துக்குப் பயந்தோ சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். காற்று நின்றால் சில நாளில் பாக்டீரியா செத்து, விலை கூடிய சாதாரண செப்டிக் டேங்காகிவிடும், நாற்றம் வேறு. அலாரம் அடிப்பதை நிறுத்த அதன் ஒயரைப் பிடுங்குவதும் உண்டு. அது அனுமதி நிபந்தனையை மீறுவது.

கண்ணுக்குத் தெரியாத கோளாறு காரத்தன்மைக் குறைவு. 1 மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 7 மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகிறது. நீர் மென்மையாக இருந்தால் அது பாதியிலேயே தீர்ந்து, பிஎச் சரிந்து, வேலை நின்றுவிடும். ப்ளோயர் ஓடுகிறது, நீரும் தெளிவாக இருக்கிறது, அம்மோனியா மட்டும் இறங்கவில்லை என்றால் முதலில் இதைச் சோதியுங்கள்.

மற்றவை பழக்கத்தால் வருபவை: கிலோக்கணக்கில் ப்ளீச், நீர் மென்மையாக்கியின் உப்புக்கழிவு, ஒழுகும் ஃபிளஷ். ஒழுகும் ஃபிளஷ் ஒன்றே நாளுக்கு நூற்றுக்கணக்கான கேலனைத் தள்ளி, தொட்டியில் நீர் நிற்கும் நேரத்தைக் குறைத்துவிடும். ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் விடுமுறை வீட்டில் பாக்டீரியாவுக்கு இரை இல்லை. திறந்த பிறகு மீண்டு வரச் சில வாரம் பிடிக்கும்.

இந்த வகைக்கு இயக்க அனுமதியும், ஆண்டுக்கு இருமுறை வந்து பார்க்கும் பராமரிப்பு ஒப்பந்தமும் கட்டாயம். வீட்டை விற்கும்போது இவையும் புதிய உரிமையாளருக்கு மாற வேண்டும்.

மரத்தூள் அடுக்கு மக்கித் தீர்ந்துவிடாதா?

காற்றுப்படாமல் ஈரத்திலேயே இருக்கும் மரம் மிக மெதுவாகத்தான் கரையும். கெடுப்பது பெரும்பாலும் கட்டும் முறைதான். மரத்தூளையும் மணலையும் சீராகக் கலக்காமல் கொட்டினால் மணல் பொத்தல் வழியாக நீர் நேரே இறங்கும். கனரக வண்டியை மேலே ஏற்றினால் மண் இறுகும். சாயமோ பூச்சிமருந்தோ ஏறிய மரம் கூடாது.

என் பழைய டேங்கைப் பழுதுபார்க்கிறேன். 65 சதவீத விதி வருமா?

2023 சட்டத்தின் பொதுவிதி புதிய அமைப்புகளுக்குத்தான். லகூன் பகுதி மட்டும் இதற்கு விதிவிலக்கு, அங்கே பழையவையும் சட்டத்துக்குள் வரும். சில ஊற்றுப் பகுதிகளின் சீரமைப்புத் திட்டத்தில் பழுதுபார்க்கும்போதே மேம்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை எழுதப்பட்டிருக்கும். அதனால் ஒப்பந்ததாரரின் வாய்வார்த்தையை நம்பாமல் அனுமதி அலுவலகத்தில் கேளுங்கள்.

பாக்டீரியாப் பொடி ஊற்றினால் நைட்ரஜன் குறையுமா?

குறையாது. டேங்கில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை, அங்கே இல்லாதது காற்று. பொடி வாங்கும் காசை, மூன்று முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து வண்டலை எடுக்கச் செலவழியுங்கள். அதுவும் நைட்ரஜனைப் பெரிதாகக் குறைக்காது, டிரெய்ன்ஃபீல்டைத்தான் காப்பாற்றும்.

தோட்டத்து உரத்துக்கும் விதி இருக்கிறதாமே?

இருக்கிறது. ஊட்டச்சத்தால் கெட்ட நீர்நிலையின் வடிநிலத்திலுள்ள உள்ளாட்சிகள், மாநிலத்தின் மாதிரி உர விதியையாவது ஏற்க வேண்டும். பல கவுன்டிகள் அதைத் தாண்டி, ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை புல்தரைக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் போடத் தடை வைத்திருக்கின்றன; சாரசோட்டாவும் பினெல்லஸும் இதில் முன்னால் நின்றவை. அந்த மாதங்களில்தான் தினமும் மதிய மழை, போட்ட உரம் அப்படியே ஓடும்.

மற்ற மாநிலங்கள் என்ன செய்கின்றன?

மேரிலாந்து 2004-இல் ஆண்டுக்கு 30 டாலர் கட்டணம் போட்டது, 2012-இல் அதை இரட்டிப்பாக்கியது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஃபிளஷ் வரி’. செப்டிக் வீடுகளிடம் வசூலித்ததில் ஒரு பகுதி, நைட்ரஜன் நீக்கும் அமைப்புக்கு மானியமாகத் திரும்புகிறது. 2013-இல் செசபீக் வளைகுடா வடிநிலம் முழுவதும் புதிய வீடுகளுக்கு அந்த அமைப்பைக் கட்டாயமாக்கினார்கள். 2016-இல் கரையிலிருந்து 1,000 அடிக்குள் என்று சுருக்கிவிட்டார்கள்.

மாசசூசெட்ஸில் 1995 முதல் வீடு விற்கும்போது செப்டிக் சோதனை கட்டாயம். 2023 ஜூலையில் கேப் காட் பகுதிக்குப் புதிய விதி வந்தது: ஊர் 20 ஆண்டு வடிநில அனுமதி பெற்று மொத்தமாகச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டில் மேம்படுத்த வேண்டும். சுமையைத் தனி வீட்டின் தலையில் முதலில் வைக்காமல் ஊருக்குத் தேர்வு கொடுத்த இந்த முறை ஃபுளோரிடாவினுடையதைவிடச் சாமர்த்தியமானது என்பது எங்கள் கருத்து.

சாக்கடையில் இணைந்துவிட்டோம். பழைய டேங்கை அப்படியே விடலாமா?

கூடாது. 90 நாளுக்குள், அனுமதி பெற்று மூட வேண்டும். முதலில் லாரி வந்து முழுவதும் உறிஞ்ச வேண்டும். பிறகு அடித்தளத்தை உடைக்க வேண்டும், அல்லது தொட்டியையே நொறுக்க வேண்டும்; தண்ணீர் தேங்காமல் இருக்கத்தான் இது. கடைசியில் சுத்தமான மணலால் நிரப்பி மூட வேண்டும். அடி உடைக்காமல் மணல் கொட்டினால் மழைக்காலத்தில் உள்ளே நீர் நின்று மேல்மண் அமுங்கும். வெறும் தொட்டியாக விட்டாலோ, சில ஆண்டில் மூடி துருப்பிடித்து யாராவது உள்ளே விழக்கூடும். உறிஞ்சிய ரசீதையும் மூடல் ஆய்வுத் தாளையும் வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். விற்கும் நாளில் வாங்குபவரின் வக்கீல் அதைக் கேட்பார்.